தலைவர் தள்ளிவிட்ட பூஜ்யம்

எனக்குப் பிறகு அந்த மெஷினுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். மெஷின் நின்றால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆகவே மெஷினைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மெஷின் நின்றவுடன் அதைச் சுற்றி வந்து நிற்கிறார்களே, அந்த மனிதர்களைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். அவர்களுக்கு இன்னும் யாரும் கையேடு எழுதவில்லை.

நான் பெரிய ஆலை ஒன்றில் பல வருடங்கள் வேலை பார்த்தவள். அங்கே மெஷின்கள் ஒரு வீடு அளவுக்கு இருக்கும். ஏதாவது ஒன்று நின்றுபோனால் அதற்கென்று ஒரு இலாகா கிளம்பி வரும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தென்னூரில் இந்தப் பெயர்ப்பலகைக் கடைக்கு வந்தபோதுதான், மெஷின் நின்றால் வருகிற இலாகாவும் நானேதான் என்று தெரிந்தது. மரத்தில் எழுத்துக் குடைவதற்காக முதலாளி, கணினி சொல்கிறபடி நகரும் ஒரு சின்ன சிஎன்சி மெஷின் வாங்கியிருந்தார். பொழுதுபோக்குக்கானது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அதை வைத்துப் பிழைப்பு நடத்தலாம் என்பது முதலாளியின் சொந்த முடிவு.

அந்த மெஷினின் ஓரங்களில் சின்ன ஸ்விட்சுகள் இருந்தன. மெஷின் தன் மூலையைத் தானே போய்த் தொட்டுப் பார்த்து, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்கானவை. அவை அடிக்கடி மெஷினை நிறுத்துகின்றன என்று முதலாளி கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டார். தப்பான இடத்துக்குப் போனால் நிறுத்துவதுதான் சார் அவற்றின் வேலை என்று சொல்லிப் பார்த்தேன்.

"நிக்காத மெஷின்தான் கலா நல்ல மெஷின்" என்றார்.

கரண்ட் போனால் சமாளிக்க யுபிஎஸ் ஒன்றும் கடையில் இருந்தது. அதில் முன்னறையின் மீன்தொட்டியை இணைத்திருந்தார். மீன் செத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள். மெஷின் நின்றால் நான் மட்டும்தானே முகம் சுளிப்பேன் என்பது அவருடைய கணக்கு.

ஒர்க் ஜீரோ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டாருக்காக ஒரு வார்த்தை. மெஷினுக்குப் பலகை தெரியாது, எழுத்து தெரியாது. பலகையின் ஓர் இடத்தில் பிட்டின், அதாவது மரத்தைக் குடைகிற ஊசியின், முனையைக் கொண்டுபோய் நிறுத்தி, 'இதுதான் உனக்குப் பூஜ்யம்' என்று நாம் சொல்கிறோம். அதற்குப் பிறகு, அங்கிருந்து இவ்வளவு வலது, இவ்வளவு மேலே, இவ்வளவு ஆழம் என்று அது எண்ணிக்கொண்டே போகும். பாதியில் பூஜ்யம் தொலைந்தால் மீதி எழுத்துகள் எங்கே விழும் என்பது ஆண்டவனுக்கே தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பெயர் சொல்லவில்லை, அங்கே வழக்குப் போடுவதற்கு வேண்டிய ஓய்வும் அனுபவமும் உள்ளவர்கள் நிறைய. அந்தக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் புதிதாக ஒரு கூடம் கட்டினார்கள். கூடத்தில் மாட்ட ஒரு தேக்குப் பலகை வேண்டும். மேலே சங்கத்தின் பெயர், கீழே நிர்வாகிகளின் பெயர்கள். திறப்புவிழாவுக்கு ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் வருகிறார். கூடத்துக்குத் தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை. பலகை வந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

பலகையைக் கொடுத்தவர் வேதவல்லி அம்மாள். அதே குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுப்பவர். அந்த இடத்தில் முன்பு அவர்களுடைய சொந்த வீடு இருந்தது. வீடு போய் ஃபிளாட் வந்தபோது, வீட்டிலிருந்த சிறிய ஊஞ்சல் பலகை மட்டும் அவரிடம் மிஞ்சியது. ஃபிளாட்டில் அதை மாட்ட வழியில்லை. கூரையில் யாரும் கொக்கி அடிக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. பிறகு அதே சங்கம் அவரிடம் வந்து, 'பலகை சும்மாத்தானே இருக்கு' என்று கேட்டது.

அவர் கொடுத்தார். ஆட்டோவில் பலகையோடு தானே கடைக்கு வந்து, என்னிடம் ஒரு நிபந்தனையும் சொன்னார்.

"இந்த அடிப்பக்கத்துல என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்கோ. மேல்பக்கம் மட்டும் ஒரு கீறல் படப்படாது. அப்பா கடைசி வரைக்கும் சயனிச்சுண்டு இருந்த பக்கம் அது. செவுத்தைப் பாத்துண்டு இருக்கட்டும், பரவாயில்லை. ஆனா முழுசா இருக்கணும்."

மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். முதுகு பட்டுப் பட்டுக் கண்ணாடியாக இருந்தது. தொடமாட்டோம் என்று சொன்னேன். நூர்ஜஹானும் பக்கத்தில் இருந்தாள். எங்கள் கடையில் எழுத்துகளைக் கணினியில் வரைந்து கொடுப்பவள் அவள்தான்.

நிர்வாகிகள் மூன்று பேர். தலைவர் வைத்தியநாதன், செயலாளர் அம்பலவாணன், பொருளாளர் தாமோதரன். மூவரும் பெரிய பெரிய அலுவலகங்களில் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்றவர்கள். பலகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் ஒரு மாதமாகவே தகராறு. பதவி வரிசையில் வர வேண்டும் என்றார் தலைவர். அகர வரிசைதான் ஜனநாயகம் என்றார் அம்பலவாணன். அவர் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தாமோதரன் கொள்கை அளவில் நடுநிலை வகித்தார்; ஆனால் அகர வரிசை என்றால் மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு வந்துவிடலாம் என்று கண்டுபிடித்த பிறகு அவருக்கும் ஜனநாயகத்தின்மேல் பிடிப்பு வந்தது. கடைசியில் பொதுக்குழுவில் தலைவர் பக்கம் ஜெயித்தது. பதவி வரிசை என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் வேலையைத் தொடங்கினோம். ஊஞ்சல் பலகையின் நான்கு மூலைகளிலும் சங்கிலி மாட்டிய ஓட்டைகள் இருந்தன. அந்த மூலைகளை வளைவாக வெட்டியெடுத்துவிட்டால் பலகைக்கு அழகாக ஒரு வடிவம் வரும் என்று வேதவல்லி அம்மாளிடமும் கேட்டு ஒப்புதல் வாங்கியிருந்தோம். இடது கீழ் மூலையில், ஓட்டைக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டு, அதைத்தான் பூஜ்யமாக வைத்தோம். முதல் வேலையாக மெஷின் நான்கு மூலைகளையும் வெட்டியது. கூட்டல் குறியும் அந்த மூலையோடு போயிற்று. அதில் தவறொன்றும் இல்லை. மெஷின் எண்ணிக்கொண்டிருக்கும் வரை பென்சில் குறி தேவையில்லை. வெட்டிய ஓரங்களை அப்போதே உப்புத்தாள் போட்டு மழுக்கியும் விட்டோம்.

வேலை தொடங்கிய சற்று நேரத்தில் மூவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மேற்பார்வைக்கு. ஒருவரை விட்டு ஒருவர் வந்தால் வரிசை மாறிவிடும் என்ற பயம் மூவருக்கும் சமமாக இருந்தது. நாற்காலி போட்டுக் கொடுத்தேன். மெஷின் 'குடியிருப்போர் நலச் சங்கம்' என்று முதல் வரியை முடித்தது. அடுத்து 'தலைவர்' என்று குடைந்து, வைத்தியநாதன் என்று கடைசி எழுத்து வரை குடைந்து, பிட்டை மேலே தூக்கிக்கொண்டு செயலாளர் வரிக்கு நகர்ந்தது.

கரண்ட் போயிற்று.

முன்னறையில் மீன்தொட்டி மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை நடந்தது பெரிய ஆபத்தில்லை. கரண்ட் போனால் மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கும். யாரும் தொடாமல் இருந்தால் எந்த இடத்தில் நின்றதென்று நூர்ஜஹானின் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டு, சரிபார்த்துத் தொடரலாம். நான் மெயின் ஸ்விட்சை அணைக்கப் போனேன், கரண்ட் திரும்ப வரும்போது மெஷின் தானாக எதுவும் செய்துவிடக் கூடாது என்று. ஸ்விட்ச் சுவரின் அந்தக் கோடியில் இருக்கிறது. போய்த் திரும்புவதற்குள் தலைவர் எழுந்து வந்துவிட்டார். பிட்டைத் தாங்கிக்கொண்டு பலகைக்குக் குறுக்கே பாலம் மாதிரி நிற்குமே, நாம் கேன்ட்ரி என்போம், அது அவருடைய பெயரைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாதபோது அது கையால் தள்ளினாலே நகரும். அவர் வலது ஓரத்தில் கை வைத்து, கதவைத் தள்ளுவதுபோல ஒரு தள்ளுத் தள்ளினார். அது மேசையின் மறுமுனைக்குப் போயிற்று. ஓரத்து ஸ்விட்சுகள் டப்பாவில் இருந்ததால், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள மெஷினுக்கு இனி வழியில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார் தன் பெயரைப் பார்த்து.

நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பொருளாளர்.

"பூஜ்யம் போச்சு சார்" என்றாள் அவள். உண்மையைச் சொல்லிவிடுகிற பெண். ஆனால் யார் முன்னால் சொல்கிறோம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வார்த்தை அறையில் விழுந்ததும் மூன்று பேரும் மூன்று விதமாக மாறினார்கள். நான் ஆலையில் பெரிய விபத்துகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லோரும் பயப்படுவார்கள். இங்கே ஒருவர்கூடப் பயப்படவில்லை. மூவருக்கும் இது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது.

பொருளாளர் வெட்டிப்போட்ட மூலைகள் கிடந்த குப்பைக்கூடையை மேசைமேல் கவிழ்த்தார். தணிக்கை செய்து பழகியவர். மரத்தூளுக்குள் கைவிட்டுத் துழாவி, பென்சில் குறி இருந்த துண்டைக் கண்டுபிடித்தே விட்டார். அதை எடுத்து, வெட்டிய மூலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இதோ இருக்கே பூஜ்யம். இதை ஃபெவிகால் வெச்சு ஒட்டிட்டா போச்சு" என்றார். நடுவில் வெட்டுமுனை தின்றுபோட்ட மரம் எங்கே என்று நான் கேட்கவில்லை. தூளாக அவர் சட்டையில்தான் இருந்தது.

தலைவர், "எதுக்கு அதெல்லாம்? என் பேருதான் இருக்கே, அதுலேருந்து அளந்துக்கோங்க" என்றார்.

அவர் சொன்னது பாதிக்கு மேல் சரி. ஆனால் சரியான காரணத்துக்காகச் சொல்லவில்லை. உலகத்தில் எதை அளப்பதென்றாலும் அவருக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

செயலாளரோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மேடம், டெக்னிக்கலா இது சரி பண்ண முடியாது இல்லையா?"

"பாக்கணும் சார்."

"பாக்க என்ன இருக்கு. பூஜ்யம் போயிடுச்சு, பாதியிலேருந்து தொடர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தலைவர் ஒத்துக்குவார். பலகையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் முதல்லேருந்து எழுதிடலாம். எழுதுறதுதான் எழுதுறோம், அகர வரிசையில போட்டுட்டா பிரச்சினையே இல்லை பாருங்க."

"அந்தப் பக்கம் தொடக் கூடாதுன்னு வேதவல்லி அம்மா சொல்லியிருக்காங்க."

"இந்த எழுதின பக்கம் செவுத்தைப் பாத்துட்டுப் போகுது. அவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? ஒரு பலகைதானே."

அவர் மிரட்டவில்லை. மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் சிக்கல். நம்மை யாரும் பொய் சொல்லச் சொல்வதில்லை. ஒரு தொழில்நுட்பக் காரணம் கேட்பார்கள், அவ்வளவுதான். தீராத தகராறுகள் எத்தனையோ தொழில்நுட்பக் காரணங்களால் இந்த ஊரில் ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காரணத்தை யாரோ ஒரு டெக்னீஷியன் வாசலில் நின்று கொடுத்திருப்பார். கொடுப்பது சுலபம். நாளைக் காலை விழா. புதிதாக எழுதினால் எனக்கும் பழைய இடத்தைத் தேடும் தலைவலி இல்லை. மெஷின் விஷயத்தில் நான் சொல்வதை மறுக்க அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கண்டுபிடிக்க முடியாத பொய் என்றால் நாக்கு எவ்வளவு சீக்கிரம் தயாராகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குள் முதலாளி போன் செய்தார். ஒரு கல்யாணத்துக்காக முசிறிக்குப் போயிருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"கலா, அவங்க மூணு பேரும் என்ன சொல்றாங்களோ அதைச் செஞ்சுடு."

"மூணு பேரும் மூணு சொல்றாங்க சார்."

"அப்ப மூணையும் செஞ்சுடு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

நான் உள்ளே திரும்பினேன். செயலாளர் எனக்கு முன்னாலேயே போய், பலகையைப் பிடித்திருந்த கிளாம்பின் திருகில் கை வைத்திருந்தார். வாசலில் நான் ஒன்றும் மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு சுற்றுச் சுற்றினால் பலகை அசைந்துவிடும். அசைந்துவிட்டால் அப்புறம் நான் எவ்வளவு நியாயமாக இருந்து என்ன பிரயோஜனம். அவர் கேட்ட தொழில்நுட்பக் காரணம் பொய்யாக இல்லாமல் உண்மையாகவே ஆகிவிடும்.

"சார், கையை எடுங்க."

"இல்ல, திருப்பிப் போட..."

"கையை எடுத்துட்டுப் பேசுங்க சார்."

ஆலையில் கிரேன் அடியில் நிற்பவரை நகரச் சொல்கிற குரல் அது. எனக்கே அது இன்னும் இருக்கிறதென்று தெரியாது. அவர் கையை எடுத்தார். தலைவரும் எதற்கென்று தெரியாமல் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பூஜ்யம் போகலை. எங்க இருக்குன்னு இப்ப நமக்குத் தெரியல, அவ்வளவுதான். பலகை அசையாத வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கு. தேடிக்கலாம்" என்றேன்.

இதை எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று கேட்டால், சொல்லும்போது எனக்கு வழி தெரியாது. பலகை அசையவில்லை என்பது மட்டும் தெரியும். தெரிந்ததைக் காப்பாற்றிக்கொண்டால் தெரியாததைப் பிறகு யோசிக்கலாம். அவர்கள் மூவரையும் முன்னறைக்கு அனுப்பி, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, காபிக்குச் சொன்னேன். பிறகு நானும் நூர்ஜஹானும் பலகையின்மேல் குனிந்து நின்றோம்.

ஓரங்களை மழுக்கிவிட்டோம், அதை நம்ப முடியாது. எழுத்தின் கோடுகள் அகலமும் ஆழமும் மாறி மாறிப் போகின்றன, கோட்டின் நடுவை எங்கே பிடிப்பது. அவள் விரலை எழுத்துகளின் மேல் தடவிக்கொண்டே போனாள். 'குடியிருப்போர்' என்பதில் அவள் விரல் நின்றது.

"அக்கா, புள்ளி."

ப் மேல் இருந்த புள்ளி. எழுத்துக் குடைய எங்கள் மெஷினில், ஆங்கில 'வி' எழுத்துபோலக் கூர்ந்து முடிகிற வி பிட் போட்டிருந்தோம். மற்ற எழுத்தெல்லாம் அது இழுத்துக்கொண்டு போய் வரைவது. புள்ளி மட்டும் நேராக ஒரே இடத்தில் இறங்கி ஏறுவது. அடியில் ஊசிமுனை அளவுக்கு முடிகிற ஒரு குழி. அதே பிட்டை மறுபடி அந்தக் குழிக்குள் மெல்ல இறக்கினால், முனை போய் உட்காரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் புள்ளி பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அவள் வரைந்த படத்தில் இருக்கிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"தமிழ்ல எழுதினதுக்கு இப்பத்தான் அக்கா சந்தோஷமா இருக்கு. இங்கிலீஷ்ல 'ஐ'க்கும் 'ஜே'க்கும் மட்டும்தான் புள்ளி, அதுவும் சின்ன எழுத்தா இருந்தாத்தான்" என்றாள்.

கரண்ட் வந்தது. மெயின் ஸ்விட்சைப் போட்டேன். மோட்டாரைச் சுற்றவிடாமல், பிட்டைப் புள்ளியின் மேல் கொண்டுபோனேன். டார்ச் அடித்துக்கொண்டு அவள் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே, இன்னும் ஒரு மயிரிழை. முனை குழியின் அடியில் உட்கார்ந்தது. அவள் வாசித்த எண்களை மெஷினுக்குக் கொடுத்தேன். 'நீ இப்போது நிற்பது இந்த இடம்' என்று சொல்லியாகிவிட்டது. பூஜ்யம் எங்கே என்று அதுவே தெரிந்துகொள்ளும்.

முன்னறையிலிருந்து மூவரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கிடைச்சுடுச்சா?" என்றார் தலைவர். "அப்ப ஆரம்பிச்சுடலாமே. நேரமாகுது."

ஆரம்பித்திருக்கலாம். நூர்ஜஹானும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு சரியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாமே போய்ப் பொருத்திய புள்ளி பொருந்தாமல் என்ன செய்யும். அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு புள்ளியிடம் கேட்க வேண்டும். அதே வரியின் வலது கோடியில், 'சங்கம்' என்பதன் கடைசி ம் மேல் ஒரு புள்ளி. அங்கே போய் நில் என்று மெஷினிடம் சொன்னேன். போயிற்று. நின்றது. புள்ளிக்குள் நிற்கவில்லை, ஒரு எள் அளவு மேலே நின்றது.

"எள்ளுதானே மேடம்" என்றார் பொருளாளர். "ரவுண்ட் ஆஃப் பண்ணிடலாம்."

"வரி கொஞ்சம் ஏறினாப்புல இருந்தாலும் பாக்க லட்சணமாத்தான் இருக்கும்" என்றார் தலைவர். ஏறப்போவது அவர் வரி இல்லை.

செயலாளர் மட்டும், "அப்போ சரியாகலை. நான்தான் சொன்னேனே, டெக்னிக்கலா முடியாது" என்றார்.

நெருக்கடியில் உங்களுக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் இந்த இரண்டே வகைதான். ஒன்று, எள்ளுதானே என்பது. மற்றது, முடியவே முடியாது என்பது. இரண்டிலும் நீங்கள் மேற்கொண்டு எதையும் தேட வேண்டியதில்லை என்பதால் இரண்டுமே சுகமாக இருக்கும்.

நான் அந்த எள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது கோடியில் சரி, வலது கோடியில் தப்பு. அப்படியென்றால் பலகை அசையவில்லை, எண்ணும் தப்பில்லை. கேன்ட்ரி கோணலாக நிற்கிறது. ஏன் கோணல்?

"சார், நீங்க இதைத் தள்ளும்போது எந்தப் பக்கம் கை வெச்சீங்க?"

தலைவர் யோசித்தார். "இந்தப் பக்கம். வலது பக்கம்."

"ஒரு கையாலயா?"

"ஒரு கைதான். லேசாத்தான் தள்ளினேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கம் பிடித்துத் தள்ளியதில் வலது கால் முன்னால் போய், இடது கால் பின்தங்கிவிட்டது. மெஷினை அணைத்தேன். நூர்ஜஹான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து, கேன்ட்ரியின் இரண்டு கால்களும் மேசையின் பின்கோடியில் ஒரேசமயம் முட்டும்படி நகர்த்தி நிறுத்தினோம். மறுபடி கரண்ட் கொடுத்து, மறுபடி முதல் புள்ளி, மறுபடி எண்கள். பிறகு வலது கோடிப் புள்ளிக்கு அனுப்பினேன். நூர்ஜஹான் டார்ச்சோடு குனிந்தாள். நிமிரவே இல்லை.

"என்ன?" என்றேன்.

"உள்ள உக்காந்துருக்கு அக்கா."

ஆழம் சரியா என்று, முனைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து உரசிப் பார்த்தோம். பிறகு பிட்டைத் தூக்கிவிட்டு, ஏற்கெனவே குடைந்த தலைவர் பெயரின் மேல் காற்றிலேயே ஒருமுறை ஓடவிட்டேன். முனை எழுத்தின் நடுவிலேயே போய் வந்தது. தலைவர் தன் பெயர் இரண்டாவது முறை எழுதப்படுவதை மிகுந்த திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு செயலாளர் வரி. சோதனை எல்லாம் சரி. ஆனாலும் மோட்டார் சுற்றத் தொடங்கி, முனை மரத்தை நோக்கி இறங்கும்போது என் விரல் நிறுத்தும் பொத்தானின் மேலேயே இருந்தது. ஒரு ஊஞ்சல் பலகை. இன்னொன்று கிடையாது. 'செ' என்பதன் கொம்பு விழுந்தது. மேல் வரிக்கு நேராக, சரியான இடைவெளியில். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் தன் பெயர் மரத்தில் பூக்கப் பூக்க அதுவும் மெல்லக் கரைந்தது. 'அம்பலவாணன்' முடிந்தபோது, "எழுத்து நல்ல எழுத்து" என்றார்.

மாலையில் வேதவல்லி அம்மாள் பலகையைப் பார்க்க வந்தார். நடந்தது எதையும் நான் சொல்லவில்லை. அவரும் எழுத்துகளைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், உள்ளங்கையை வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவினார். கை நடுவில் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"ஒண்ணும் படலை" என்றார்.

"படலை மாமி."

"அவா மூணு பேரும் வந்திருந்தாளாமே. திருப்பச் சொல்லியிருப்பாளே?"

நான் பதில் சொல்வதற்குள் நூர்ஜஹான், "சொன்னாங்க மாமி. அக்கா விடலை" என்றாள். முன்பே சொன்னேனே, உண்மையைச் சொல்லிவிடுகிற பெண். இந்த முறை சரியான ஆளிடம் சொன்னாள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

மறுநாள் விழாவுக்கு நானும் போயிருந்தேன். பலகை நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். உயர் அதிகாரி திரையை விலக்கினார். கைதட்டினார்கள். பிறகு பேச்சு. தலைவர் பேசும்போது, நெருக்கடியில் தாம் மெஷினைக் கையாலேயே நகர்த்திச் சோதித்ததால்தான் அதிலிருந்த கோணல் வெளிப்பட்டது என்றார். பொருளாளர், மரத்தூளுக்குள் தாம் நடத்திய தேடலை விவரித்தார். செயலாளர், தலைவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், 'ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தமிழன் ஏன் புள்ளி வைத்தான்' என்று உருக்கமாகப் பேசினார். மூன்று பேச்சும் கேட்டு முடித்தபோது, நானும் நூர்ஜஹானும் அன்று கடைக்கே லீவு போட்டிருந்தோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. முன்வரிசையில் வேதவல்லி மாமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

பேச்சுகளைப் பற்றி நீங்கள் வருத்தப்பட வேண்டாம். பலகையைச் சரியாகச் செய்வது வரைக்கும்தான் நம் வேலை. மேடை வேறு இலாகா.

டிபன் முடிந்து நான் கிளம்பும்போது செயலாளர் என் பின்னாலேயே வந்தார். யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "மேடம், அடுத்த வருஷம் எலெக்ஷன் வருது. பேரெல்லாம் மாறுச்சுன்னா இந்தப் பக்கத்தை மட்டும் சீவிட்டு மறுபடி எழுத முடியுமா?" என்றார்.

வாசலுக்கு வந்தால் அங்கே தலைவர் நின்றிருந்தார். அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். யாரும் சீவ முடியாத மாதிரி மேல பூச ஏதாவது வார்னிஷ் இருக்கா?" என்றார்.

மரத்தைப் பற்றிய கேள்விகள் மாதிரித்தான் இரண்டும் இருந்தன. இருவருக்கும் முதலாளியின் நம்பரைக் கொடுத்துவிட்டு, தென்னூர் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.